தரிப்பிடச் சுவரின் ஈரம்

லுணுகலைக்குப் புகையிரதம் வருவதில்லை. 1924 ஆம் ஆண்டிற் பதுளையை வந்தடைந்த மலைநாட்டு இருப்புப்பாதை அங்கேயே முடிந்துவிட்டது. அதற்கப்பால், பசறையைக் கடந்து, மலைச்சரிவுகளைச் சுற்றிச் சுற்றி ஏறக்குறைய 40 கிலோமீற்றர் சென்றால் எங்கள் ஊர் வரும். பேராதனையிலே தொடங்கி, நுவரெலியா, வெலிமடை, பதுளை வழியாக லுணுகலையைத் தொட்டு, பின்னர் பிபிலை, மகா ஓயா எனத் தாழ்நிலம் இறங்கிச் செங்கலடியிற் சென்று முடியும் ஏ-5 நெடுஞ்சாலையே எங்களுக்கு வெளியுலகம். ஹொப்டன், அடாவத்தை முதலிய தோட்டங்களிலிருந்து நகரத்துக்கு வருவோர்க்கும், நகரத்திலிருந்து பதுளைக்கும் கொழும்புக்கும் போவோர்க்கும் பஸ் ஒன்றே கதி. ஆதலால் எங்கள் வாழ்வின் கணிசமான பகுதி பஸ்ஸுக்காகக் காத்திருப்பதிலே கழிந்தது என்றால் அது மிகையாகாது. கல்யாணத்துக்கும் காத்திருந்தோம், கருமாதிக்கும் காத்திருந்தோம், ஆசுபத்திரிக்கும் காத்திருந்தோம், பரீட்சைக்கும் காத்திருந்தோம்.

அவ்வாறு காத்திருந்த இடங்களுள் ஒன்றைப் பற்றியே இங்கு எழுத விழைகின்றேன். ஊவா மலைவீதிகளில் உள்ள பஸ் தரிப்பிடங்களுள் அதுவும் ஒன்று. எந்தச் சந்தியில் உள்ளது, எவர் பொறுப்பில் உள்ளது என்று நான் சொல்லப் போவதில்லை. ஓரிடத்தைச் சுட்டிக் குறை கூறிவிட்டால் ஏனைய இடங்களெல்லாம் தப்பித்துக் கொள்ளும். ஆசிரியர் கேட்ட கேள்விக்கு ஒரு மாணவன் எழுந்து நின்றதும் மற்றவர்கள் நிம்மதியாக அமர்ந்து விடுவதைப் போன்றது அது.

மூன்று பக்கமும் சுவர். முன்பக்கம் திறந்த வெளி. மேலே தகரக் கூரை. உள்ளே சுவரோடு ஒட்டிச் சீமெந்தாற் கட்டிய இருக்கை. வாசலின் வலப்புறத்திலே ஒரு கல்வெட்டு. திறந்து வைத்தவர் பெயரும், திறந்து வைத்த நாளும், அப்போது அவர் வகித்த பதவியும் அதிலே பொறிக்கப்பட்டுள்ளன. கல்வெட்டு பளிங்கிலானபடியால் அது மட்டும் இன்றும் பழுதின்றி இருக்கிறது. மற்றைய இடமெல்லாம் வேறு ஓர் எழுத்து. இருக்கையின் முதுகிலிருந்து தோள் உயரம் வரை கரும்புள்ளிகள். மூலைகளிலே அவை ஒன்றோடொன்று கலந்து கரும்படலமாகி, கூரையின் அடிமரத்தைத் தொட்டு நிற்கும். உள்ளே நுழைந்ததும் ஒரு வாடை முகத்தில் அடிக்கும். நனைந்த சாக்கைப் பல நாள் மூடி வைத்துத் திறந்தால் எழும் வாடை அது. மலையகத்திற் பிறந்தவர்க்கு அதனை விளக்க வேண்டியதில்லை.

பல்கலைக்கழகத்துக்கு நான் முதன்முதலாகப் புறப்பட்ட நாள் தை மாதத்து மழைநாள். வடகீழ்ப் பருவக்காற்று எங்கள் பக்கத்து மலைகளில் வந்து மோதும் காலம். தகரப் பெட்டியொன்றும் பாயொன்றும் என் கைகளில். அம்மா அன்று கொழுந்து பறிக்கப் போகாமல் என்னை வழியனுப்ப வந்திருந்தார். நான் தரிப்பிடத்தினுள்ளே சென்று பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அம்மா உள்ளே வரவில்லை. தலையிற் கம்பளியைப் போர்த்துக் கொண்டு, எதிரே இருந்த தேநீர்க்கடையின் இறவாணத்தின் கீழ் பாதி உடல் நனைய நின்று கொண்டிருந்தார். நான் கையசைத்து அழைத்தேன். அவர் தலையை அசைத்து மறுத்துவிட்டார். உள்ளே நகரத்து மனிதர் சிலர் அமர்ந்திருந்தனர். ஓர் உத்தியோகத்தர் பத்திரிகை படித்துக் கொண்டிருந்தார். இருக்கையில் இடமும் இருந்தது.

எனக்கு ஆத்திரம் மூண்டது. மழையில் ஓடிச் சென்று, "எத்தன காலத்துக்கும்மா இப்படி ஒதுங்கி ஒதுங்கி நிக்கிறது? அது நமக்கும் சேத்துத்தானே கட்டியிருக்கு" என்று சற்று உரத்த குரலிலேயே கேட்டேன். தேநீர்க்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா ஒன்றும் பேசவில்லை. என் சட்டைக் கழுத்தைச் சரிசெய்துவிட்டு, "பஸ் வருது தம்பி, பெட்டிய எடு" என்றார். அவ்வளவுதான்.

அன்று பஸ்ஸில் அமர்ந்து நான் எண்ணியவை இன்றும் நினைவில் உள்ளன. துரையைக் கண்டால் வழிவிட்டு ஒதுங்கிய பாட்டன், கணக்கப்பிள்ளையைக் கண்டால் தலைத்துணியை அவிழ்த்த தந்தை, இருக்கை காலியாக இருந்தும் மழையில் நிற்கும் தாய் எனப் பரம்பரை பரம்பரையாக எங்களுக்குள் ஊறிய அடிமை மனப்பான்மையின் ஓர் உருவமாகவே அம்மாவை நான் கண்டேன். இரண்டாம் ஆண்டிலே ஒரு கருத்தரங்கில் பெருந்தோட்டச் சமூகத்தைப் பற்றிப் பேசியபோது இந்நிகழ்ச்சியைப் பெயர் குறிப்பிடாமல் உதாரணமாக எடுத்துக் காட்டினேன். கைதட்டலும் கிடைத்தது.

அந்தக் கைதட்டலைத் திருப்பிக் கொடுக்க முடியுமானால் இன்றே கொடுத்துவிடுவேன்.

சில ஆண்டுகளுக்குப் பின்னர் அம்மாவுக்கு இழுப்பு அதிகரித்தது. மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் நெஞ்சிலே குழாயை வைத்துப் பார்த்த பின்னர், எந்த இடங்களிலே மூச்சு முட்டுகிறது என்று கேட்டார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். மருத்துவர் கையாற் தடுத்து அம்மாவையே பார்த்தார். அம்மா மெதுவாகச் சொன்னார்: "லயத்துல பின்பக்கத்து மூலையில படுத்தா வரும் ஐயா. அப்பறம் அந்தப் பஸ் மடுவத்துக்குள்ள போனா வரும். ரெண்டு எடத்துலயும் ஒரே வாடை. அதனால நான் உள்ளுக்குப் போறதில்ல. வெளிய நின்னா நனையுவேன், மூச்சாவது விடலாமில்ல."

மருத்துவர் தலையசைத்து எழுதிக் கொண்டார். நான் தலைகுனிந்து நின்றேன். நான் அடிமை மனப்பான்மை என்று வியாக்கியானம் செய்தது நுட்பமான அவதானம். எழுதப் படிக்க அதிகம் தெரியாத அம்மா தம் உடலைக் கொண்டு அந்தச் சுவரைப் படித்திருந்தார். படித்தவனாகிய நான் அவரைத் தவறாகப் படித்திருந்தேன். அந்த நாளுக்குப் பின்னரே அந்தக் கரும்புள்ளிகளை நான் உண்மையாகப் பார்க்கத் தொடங்கினேன்.

பூஞ்சணம் என்று நாம் பொதுப்படக் கூறுவதை விஞ்ஞான நூல்கள் பங்கசு என்னும் பெரும் வகுப்பினுள் அடக்குகின்றன. பச்சையம் இல்லாதபடியால் அது தன் உணவைத் தானே ஆக்குவதில்லை. பிறபொருள்களை அரித்தே வாழ்கிறது. அதன் வித்திகள் காற்றில் எங்கும் மிதக்கின்றன. அவற்றை அடியோடு அகற்றுதல் எவராலும் இயலாது. ஆனால் வித்தி முளைத்துப் பரவுவதற்கு ஈரம் வேண்டும். மரம், கடதாசி, தூசி, வர்ணப்பூச்சிலுள்ள பசைப்பொருள் ஆகிய எதனையும் அது உணவாகக் கொள்ளும். ஈரத்துக்கு மட்டும் மாற்றுப்பொருள் அதனிடம் இல்லை. நனைந்த பொருள் ஓரிரு நாளில் உலர்ந்துவிடின் பூஞ்சணத்துக்கு வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே பூஞ்சணத்தின் வரலாறு என்பது உண்மையில் உலரவிடப்படாத நீரின் வரலாறே ஆகும்.

இது வெறும் அழகு சம்பந்தமான விடயமன்று. உலக சுகாதார நிறுவனம் 2009 ஆம் ஆண்டில் ஈரமும் பூஞ்சணமும் பற்றிய வழிகாட்டி நூலொன்றை வெளியிட்டது. ஈரம் படிந்த கட்டடங்களிற் புழங்குவோர்க்குச் சுவாச நோய்களும் இழுப்பும் ஏற்படும் ஆபத்து அதிகம் என்பதை அந்நூல் ஆய்வுகளைக் கொண்டு நிறுவியது. இத்தனை வித்திகள் வரை பாதகமில்லை என்று ஓர் எல்லையை வகுக்க முடியாது என்றும், ஈரத்தைத் தடுப்பதே வழி என்றும் அது கூறியது. 2020 டிசெம்பரில் இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் இரண்டு வயதுக் குழந்தையொன்று இறந்தது. வாடகை வீட்டின் பூஞ்சணத்தோடு நீண்டகாலம் வாழ்ந்தமையால் உண்டான சுவாச நோயே காரணம் என 2022 இல் மரண விசாரணையில் முடிவாயிற்று. பெற்றோர் பலமுறை முறையிட்டிருந்தனர். செல்வம் மிக்க நாடொன்றிலும் ஏழைக் குடும்பத்தின் முறைப்பாடு சுவரோடு நின்றுவிட்டது. அக்குழந்தையின் மரணமே அந்நாட்டில் வீட்டுச் சட்டத்தைத் திருத்த வைத்தது.

தரிப்பிடத்திற் செலவாவது அரைமணியோ ஒருமணியோதானே, வீட்டோடு அதனை ஒப்பிடலாமா என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் அங்கே வந்து நிற்பவர் எங்கிருந்து வருகிறார் என்பதையும் நோக்குதல் வேண்டும். இரவெல்லாம் லயத்து அறையின் ஈரச்சுவரருகே படுத்தெழுந்த ஒருவர், காலையில் ஆசுபத்திரிக்குப் போவதற்காக அதே வாடையுள்ள இன்னொரு சுவரருகே வந்து அமர்கிறார். நோயைக் காட்டப் போகும் வழியிலும் நோய் அவருக்கு முன்னே வந்து இடம்பிடித்து உட்கார்ந்திருக்கிறது.

அம்மாவிடம் பாடம் கற்ற பின்னர் அச்சுவரைச் சிறிது படிக்கப் பழகினேன். மூன்று நிறங்களில் அது எழுதப்பட்டிருந்தது. வெளிப்புறத்திலே, கூரையோரத்திலிருந்து நிலம் வரை ஒழுகிய பச்சைக் கோடு. அது பூஞ்சணமன்று, ஒளியுள்ள இடத்தில் வளரும் பாசி. கூரைப் பீலி இலைகளால் அடைபட்டு நீர் வழிந்து சுவரில் இறங்குகிறது என்பதே அதன் பொருள். உட்புறத்து அடிச்சுவரில் வெண்பொடி. அது நிலத்து நீர், சுவரின் நுண்துளைகள் வழியே திரியில் எண்ணெய் ஏறுவது போல ஏறி, உலர்கையில் விட்டுச் சென்ற உப்பு. சுவரின் பின்னால் மலைச்சரிவின் மண் சரிந்து குவிந்து, வடிகாலை மூடிவிட்டது என்பது அதன் பொருள். மூலைகளிலுள்ள கருமை மட்டுமே பூஞ்சணம். அங்கே காற்று அசையவில்லை என்பது அதன் பொருள். மேற்சுவரிலே காற்றுக்கென விட்டிருந்த துவாரங்களைத் தேர்தற்காலச் சுவரொட்டிகள் பல அடுக்காக மூடியிருந்தன. பச்சைக்கு ஓர் ஏணி. வெண்மைக்கு ஒரு மண்வெட்டி. கருமைக்கு ஒரு சுரண்டி. நோய்க்குரிய மருந்துகள் இவ்வளவே. ஆனால் ஆண்டுதோறும் அங்கே வந்தது மருந்தன்று, வர்ணம்.

வர்ணம் வந்த காலத்தையும் கவனித்தேன். எங்கள் நாட்டிலே அரசாங்க நிதியாண்டு டிசெம்பர் 31 ஆம் நாளோடு முடிகிறது. ஒதுக்கிய பணத்தை அதற்குள் செலவிட்டாக வேண்டும். ஊவாவின் கீழைச் சரிவுகளிலோ நவம்பர், டிசெம்பர் மாதங்கள்தாம் பெருமழைக்காலம். எனவே நீர் குடித்து நிற்கும் சுவரின் மேலே நான் கண்ட வர்ணம் பூசப்பட்டது. ஈரம் உள்ளே அடைபட்டது. சித்திரைக்குள் வர்ணம் கொப்புளித்து உரிந்தது. உரிந்த இடத்தின் அடியிலே பூஞ்சணம் புதிய உணவைக் கண்டு தழைத்தது. ஆடி, ஆவணியில் எங்கள் மலைகளிற் கச்சான் காற்று வீசும். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையிலே பெயர் பெற்றுத் தந்த மணம் அந்த வரட்சிக் காற்றினால்தான் கொழுந்தில் ஏறுகிறது. சுவர்கள் தாமாக உலரும் காலமும் அதுவே. கொழுந்துக்குரிய பருவம் அனைவர்க்கும் தெரியும்; சுவருக்கும் ஒரு பருவம் உண்டு என்பது கணக்கேட்டுக்குத் தெரியவில்லை.

கொழுந்து என்றதும் ஒரு சரித்திரம் நினைவுக்கு வருகிறது. பூஞ்சணம் எங்களுக்குப் புதிய விருந்தாளியன்று. 1869 ஆம் ஆண்டில், லுணுகலைக்கு அருகிலுள்ள மடுல்சீமைப் பகுதியிற் கோப்பிச் செடியின் இலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சட் பொடி காணப்பட்டது. பேராதனைப் பூந்தோட்டத்தின் அன்றைய பணிப்பாளர் துவைற்ஸ் அதனை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே அது புதியதொரு பங்கசு என விவரிக்கப்பட்டு ஹெமிலேயா வஸ்தாத்ரிக்ஸ் என்னும் பெயரைப் பெற்றது. 1880 இல் மார்ஷல் வார்ட் என்னும் இளம் விஞ்ஞானி இலங்கைக்கு அனுப்பப்பட்டு, அதன் வாழ்க்கை வட்டத்தை இரண்டாண்டு ஆராய்ந்தார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. கோப்பி வீழ்ந்தது, அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. பருவத்துக்கு வந்து போகும் கோப்பித் தொழிலாளர் மறைந்து, ஆண்டு முழுவதும் மலையிலேயே தங்கும் குடும்பங்களைத் தேயிலை வேண்டிற்று. இன்று மலையக மக்கள் என நாம் அழைக்கும் சமூகம் இந்த மலைகளில் நிலைகொண்டமைக்குக் காரணங்களுள் ஒன்று, கண்ணுக்குத் தெரியாத ஒரு பங்கசு எனலாம்.

பின்னர் 1946 இல் தேயிலையைக் கொப்புள நோய் தாக்கிற்று. அதுவும் பங்கசே. ஆனால் இம்முறை கோப்பியின் கதி தேயிலைக்கு நேரவில்லை. செம்பு கலந்த மருந்து தெளிக்கும் முறை வகுக்கப்பட்டது. மழைக்காலத்தில் மலை மலையாகப் பார்த்து, நாள் தவறாமல் மருந்தடித்தார்கள். என் தந்தையும் முதுகிலே மருந்துக் குடுவையைச் சுமந்தவர். காலையெல்லாம் இலையின் பூஞ்சணத்துக்கு மருந்தடித்துவிட்டு, மாலையில் அவர் திரும்பி வந்து படுத்தது பூஞ்சணம் படர்ந்த சுவரருகே. பூஞ்சணத்தை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று எங்களுக்குத் தெரியாது என எவரும் சொல்ல முடியாது. முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக அதனைச் செவ்வனே செய்து வந்திருக்கிறோம். இலைக்கு விலையுண்டு, சுவரருகே இருப்பவரின் மூச்சுக்கு அந்த அளவு விலை வைக்கப்படவில்லை என்பதுதான் வேற்றுமை.

இனி, அச்சுவருக்கு உரியவர் யார் என்னும் வினா எழுகிறது. பழைய மலைநாட்டுப் புகையிரத நிலையங்களை நினைத்துப் பார்க்கின்றேன். தொலைவான மலைமுடியிலுள்ள சிறு நிலையத்திலும் பூப்பாத்தி இருக்கும், பெயர்ப்பலகை துடைத்திருக்கும். அங்கேயும் மழையுண்டு, மூடுபனியுண்டு. ஆயினும் நிலைய அதிபர் என ஒருவர் அங்கே இருந்தார். பெருக்குவதற்கு ஒருவர் இருந்தார். ஒழுகினால் அது தம் தலையிலே ஒழுகிற்று. ஆதலால் அவர்கள் கவனித்தார்கள். பஸ் தரிப்பிடத்துக்கு அத்தகைய ஒருவர் இல்லை. அங்கே எல்லோரும் புறப்படுகிறார்கள், எவரும் தங்குவதில்லை.

பொறுப்பும் அவ்வாறே பிரிந்து கிடக்கிறது. 1958 ஜனவரியில் பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவாயிற்று. 1979 முதல் தனியார் பஸ்களும் ஓடத் தொடங்கின. இன்று வீதி ஓர் அதிகாரசபைக்கு, பஸ் வேறொரு சபைக்கு அல்லது தனியாருக்கு, அனுமதிப்பத்திரம் மாகாணத்துக்கு, கட்டடமோ பெரும்பாலும் உள்ளூராட்சிக்கு. தோட்டத்துச் சந்தியாயின் இன்னும் ஒரு சிக்கல் இருந்தது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் தோட்டப் பகுதிகளுக்குப் பிரதேச சபைகள் சேவையாற்றுவதற்குத் தடையாக நின்றது. 2018 இலேயே அது திருத்தப்பட்டது. சட்டத்தின் கதவு திறந்துவிட்டது உண்மை. ஆனால் திறந்த கதவின் வழியே ஏணியைத் தூக்கிக் கொண்டு வருபவர் யார் என்பதைச் சட்டம் எழுதித் தர முடியாது.

2022 இல் நாடு பொருளாதார நெருக்கடியில் தத்தளித்தது. 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டைச் சிதைத்தது. பதுளை மாவட்டத்தின் மண்சரிவுகள் எத்தனையோ குடும்பங்களை விழுங்கின. இத்தகைய பேரிடர்களுக்கு நடுவிலே சுவரின் கரும்புள்ளியைப் பற்றி எழுதுவது அற்பமன்றோ என்று என்னையே நான் கேட்டுக் கொண்டதுண்டு. அப்போதெல்லாம் பசறை வீதியின் பதின்மூன்றாம் கட்டை என் கண்முன் வரும். 2021 மார்ச் 20 ஆம் நாள் காலை, லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கிப் புறப்பட்ட பஸ் அவ்விடத்திலே பள்ளத்தில் வீழ்ந்தது. குறைந்தது 14 பேர் மாண்டனர். விபத்துக்குப் பல காரணங்கள் கூறப்பட்டன. மேலிருந்து சரிந்து விழுந்த ஒரு பாறை அகற்றப்படாமல் கிடந்து, அவ்விடத்தில் வீதியை ஒடுக்கியிருந்தது என்பதும் அவற்றுள் ஒன்று. கிடந்த கல் வேறு, படர்ந்த பூஞ்சணம் வேறு என்பதை நான் அறிவேன். ஆனால் இரண்டையும் நாள்தோறும் பலர் பார்த்துக் கடந்து சென்றனர். யாரோ ஒருவர் வந்து செய்வார் என்று விட்டுச் செல்லும் பழக்கம் ஒன்றே. அப்பழக்கம் சில இடங்களில் வாடையாக முடிகிறது. சில இடங்களில் சாவாக முடிகிறது.

பிறரைக் குறை கூறி இக்கட்டுரையை முடித்துவிட்டால் அது நேர்மையாகாது. என் பங்கையும் சொல்லியாக வேண்டும்.

மருத்துவரிடம் சென்று வந்த அந்த ஆண்டின் ஓகஸ்ட் விடுமுறையில், தோட்டத்து இளைஞர் ஏழு பேரைச் சேர்த்துக் கொண்டேன். தேநீர்க்கடைக்காரர் ஏணி தந்தார். உரியவர்களிடம் வாய்மொழியாக அனுமதி பெற்றோம். பீலியிலிருந்து நான்கு சாக்கு மக்கிய இலையை அள்ளினோம். அதற்குள்ளே ஓர் ஆலங்கன்று ஒரு முழ உயரத்துக்கு வளர்ந்திருந்தது. எங்கள் தோட்டத்திலே பீலி என்றால் நாம் குளிக்கும், நீரெடுக்கும் ஊற்றுத்துறைக்கும் அதுவே பெயர். "குடிக்கிற பீலிய மட்டுமில்ல, கூரப் பீலியயும் சுத்தமா வைக்கணும் போல" என்று ஒருவன் சிரித்தான். சுவருக்குப் பின்னாலிருந்த மண்ணை வெட்டி வடிகாலைத் திறந்தோம். சுவரொட்டிகளைச் சுரண்டித் துவாரங்களைத் திறந்தோம். மூக்கையும் வாயையும் துணியாற் கட்டிக் கொண்டு, சுவரை நனைத்துப் பழைய வர்ணத்தோடு பூஞ்சணத்தையும் சுரண்டினோம். இரண்டு வாரம் கச்சான் காற்று உலர்த்தியது. பின்னர் வர்ணம் பூசாமல் சுண்ணாம்பு அடித்தோம். சுண்ணாம்பின் காரத்தைப் பூஞ்சணம் இலகுவில் தாங்காது. அதே வேளை அது சுவரின் ஈரத்தை அடைத்து வைக்காமல் வெளியேற விடும். தீபாவளிக்கு முன் லயத்துக்குச் சுண்ணாம்பு அடித்த எங்கள் பாட்டிமார் இந்தச் சாஸ்திரத்தைக் கற்றிருக்கவில்லை, ஆனால் செய்தார்கள். காரம் நாளடைவிற் குறைந்துவிடும் ஆதலால் அதனை ஆண்டுதோறும் அடிக்க வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்தத் தை மாதம் மழைக்கு நடுவே அம்மாவுடன் பதுளைக்குப் புறப்பட்டேன். நான் அழைக்கவில்லை. அம்மா தரிப்பிடத்தின் வாசலிலே நின்று, சற்றுத் தலையை உள்ளே நீட்டி, மூச்சை இழுத்துப் பார்த்தார். பின்னர் உள்ளே வந்து இருக்கையில் அமர்ந்தார். கம்பளியை மடித்து மடியில் வைத்துக் கொண்டு, "இப்ப உக்காரலாம்" என்றார். நான் வாழ்க்கையிற் பெற்ற பட்டங்களுள் அதனைவிடப் பெரிது ஒன்றில்லை.

ஆனால் அடுத்த ஓகஸ்டில் எனக்கு வேலை கிடைத்து நகரத்தில் இருந்தேன். ஏழு பேரில் மூவர் கொழும்புக்குப் போய்விட்டனர். இருவர் வெளிநாடு சென்றனர். எஞ்சிய இருவரும், நான் வந்து தொடங்கட்டும் என்று காத்திருந்தார்கள். நானோ, அவர்கள் இருக்கிறார்களே என்று எண்ணிக் கொண்டேன். பீலியில் இலை விழுந்தது. இரண்டாம் மழைக்காலத்தின் முடிவில் மூலைகளிலே கரும்புள்ளிகள் மீண்டும் தோன்றின. அம்மா மீண்டும் தேநீர்க்கடையின் இறவாணத்தின் கீழே சென்று நின்றார். அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஏணியைத் தந்த கடைக்காரர்தாம் சொன்னார்.

திறந்து வைத்தவரின் கல்வெட்டைப் பார்த்து ஒருகாலத்தில் நான் ஏளனம் செய்ததுண்டு. என் சேவையும் அதே இனத்தைச் சேர்ந்ததே என்பதை அன்று உணர்ந்தேன். கட்டுவதும் திறப்பதும் ஒருநாட் காரியம். அதிலே ஒரு மகிழ்ச்சியும் ஒரு பெயரும் உண்டு. பேணுவது ஆண்டுதோறும், அதே நாளில், அதே ஏணியில், அதே இலைகளை அள்ளும் காரியம். அதற்குக் கல்வெட்டு இல்லை. சரிவரச் செய்துவிட்டால், செய்யப்பட்டது என்பதே எவர்க்கும் தெரியாது. சமூகத்தை மாற்றப் புறப்படும் நம்மைப் போன்ற படித்தவர்களுக்கு முதலாவது காரியம் இனிக்கிறது, இரண்டாவது கசக்கிறது. பூஞ்சணம் வளர்வது இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியிலேயே.

அம்மா இப்போது பஸ் ஏறுவதில்லை, உடல்நிலை இடந்தருவதில்லை. ஆயினும் ஒவ்வோர் ஆண்டும் ஓகஸ்ட் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை நான் அச்சந்தியில் இறங்குகின்றேன். ஒரு நாளாவது தவறாமல் வருவேன் என்று எஞ்சிய இருவரிடமும் சொல்லி வைத்திருக்கின்றேன். சில ஆண்டுகளில் நால்வர் வருவர். ஒரு முறை நானும் கடைக்காரரின் மகனும் மட்டுமே இருந்தோம். அரை நாளில் வேலை முடிந்துவிடும். ஏணியைக் கடையிலே திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனால், திண்ணையில் இருக்கும் அம்மா என் சட்டையில் ஒட்டியுள்ள சுண்ணாம்பைப் பார்ப்பார். "பீலிய அள்ளிட்டியா?" என்று கேட்பார். அள்ளிவிட்டேன் என்பேன். அடுத்த ஆண்டும் அவர் அதே கேள்வியைக் கேட்பார். அடுத்த ஆண்டும் இலைகள் விழுந்திருக்கும்.